நிலவின் இருண்ட பக்கம்

ஒரு பாட்டு எவ்வளவு நேரம் நிகழலாம் என்பதை அரக்கு முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. கிராமபோன் தட்டுகள் பல ஆண்டுகள் அரக்குக் கலவையால் செய்யப்பட்டன. அவ்வரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்தே மேனாடுகளுக்குச் சென்றது. பத்து அங்குல அகலமுள்ள தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் ஊசி நடுவை எட்டிவிடும். ஆதலின் மூன்று நிமிடத்துக்குள் அடங்குவதே பாட்டு என்றாயிற்று. கச்சேரி மேடையில் ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிய நம் வித்துவான்களும் ஒலிப்பதிவுக்கென்று வந்து நின்றபோது அதைக் குறுக்கியே பாடினர். மேனாட்டு ஸிம்பனி ஒன்றை முழுதும் கேட்க விரும்பியவர் நாலைந்து தட்டுகளை எடுத்தும் திருப்பியும் வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அத்தட்டுகள் உடையாமல் இருக்கும்பொருட்டு, நிழற்படம் ஒட்டும் புத்தகத்தைப்போல உறைகளைச் சேர்த்துத் தைத்து விற்றனர். 'ஆல்பம்' என்னும் சொல் இசைக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவுக்கு அரக்கு கிடைப்பது அரிதாயிற்று. வினைல் என்னும் செயற்கைப் பொருளின்மீது தட்டு செய்வோர் கவனம் சென்றது. அதில் மிக நுண்ணிய கோடுகளை நெருக்கமாக வெட்டலாம். 1948-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்று மிகையாகச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. பன்னிரண்டு அங்குல அகலம். பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். செவ்வியல் இசைக்காகவே செய்யப்பட்ட சாதனம் அது. ஆனால் கருவி ஒன்று பிறந்துவிட்டால் அதை யார் எதற்குப் பயன்படுத்துவார் என்று கருவி செய்தவரால் சொல்ல முடியுமா?

முதலில் வணிகர்கள் அந்த இருபது நிமிடத்தை ஆறேழு சின்னப் பாட்டுகளை அடுக்கும் பெட்டியாகவே கருதினர். 1955-இல் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா நள்ளிரவுத் தனிமை என்னும் ஒரே மனநிலை பற்றிய பாட்டுகளைத் தேர்ந்து ஒரு தட்டில் பாடி வைத்தார். 1967-இல் லிவர்ப்பூல் இளைஞர் நால்வரான பீட்டில்ஸ், தாங்கள் வேறொரு கற்பனை வாத்தியக் குழு என்று பாவனை செய்துகொண்டு 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டை வெளியிட்டனர். 1969-இல் தி ஹூ என்ற குழு கண் தெரியாத, காது கேளாத, வாய் பேசாத சிறுவன் ஒருவனின் கதையை இரண்டு தட்டுகளில் பாடியது. முதற்பாட்டு முதல் இறுதிப்பாட்டு வரை ஒரே கருத்தைத் தொடர்ந்து செல்லும் இத்தகைய தொகுதிக்குக் 'கான்செப்ட் ஆல்பம்' என்று பெயரிட்டனர். நாம் கருத்துத் தொகுதி எனலாம்.

இவ்வகையில் உலகெங்கும் மிகுதியாக விற்பனையானவற்றுள் ஒன்று, 1973 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'நிலவின் இருண்ட பக்கம்' என்னும் தொகுதி. பாடியோர் பிங்க் ஃபிளாய்டு என்னும் ஆங்கிலேய ராக் இசைக் குழுவினர். அது வெளிவந்தபோது நான் பள்ளிச் சிறுவன். பாடநூலும் தமிழிசையுமாகவே என் நாட்கள் கழிந்தன. ராக் இசை என்றாலே வெறும் இரைச்சல் என்பது எங்கள் வீட்டுப் பெரியோரின் கொள்கை; ஆராயாமலே நானும் அதை ஏற்றிருந்தேன். பணி ஓய்வுக்குப்பின் ஒருநாள் என் பழைய மாணவர் ஒருவர் அத்தட்டையும் அதைச் சுழற்றும் கருவியையும் வீட்டுக்கே கொண்டுவந்தார். "ஐயா, நடுவில் எழுந்து போகக்கூடாது. முதற்பக்கம் முழுவதும் கேட்ட பிறகுதான் பேசவேண்டும்" என்று எனக்கே வகுப்பறை ஒழுங்கு விதித்தார். கீழ்ப்படிந்தேன்.

கேட்டதைச் சொல்லுமுன் அதைச் செய்தவர் யாவர் என்று சொல்லிவிடுதல் நலம். ராஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகிய மூவரும் இலண்டன் பல்தொழிற் கல்லூரி ஒன்றில் கட்டடக்கலை பயிலச் சென்றவர்கள். அவர்களோடு கேம்பிரிட்ஜ் நகரத்துச் சிட் பாரெட் சேர்ந்தார். 1965-இல் குழு உருவாயிற்று. குழுவின் பெயரும் முதற்பாட்டுகளும் பாரெட் தந்தவை. அழகும் கற்பனையும் நிறைந்த இளைஞர். ஆனால் எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளை மிகுதியாக உட்கொண்டதாலோ, உள்ளிருந்த நோயாலோ, இரண்டும் கூடியதாலோ அவர் மனநிலை குலைந்தது. மேடையில் நின்றபடியே வாசிக்காமல் வெறித்துப் பார்ப்பார். அவருக்குத் துணையாக டேவிட் கில்மூர் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரியில் ஒருநாள் நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட நண்பர்கள், வழியில் பாரெட்டை ஏற்றிக்கொள்ளாமலே சென்றுவிட்டனர். சண்டையும் இல்லை, விடைபெறுதலும் இல்லை. வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவே. அதன்பின் அவர் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ஓவியம் வரைந்தும் தோட்டம் பேணியும் ஒதுங்கி வாழ்ந்து 2006-இல் காலமானார். இத்தொகுதி முழுவதும் நிழல்போல உலவும் மனிதர் அவரே.

வாட்டர்ஸ் மனத்தில் இன்னொரு நிழலும் இருந்தது. அவருடைய தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். மகன் பிறந்து ஐந்து மாதம் நிரம்பிய காலத்தில், 1944 பிப்ரவரியில், இத்தாலி நாட்டு அன்ஸியோ போர்முனையில் அவர் மாண்டார். ஐரோப்பாவில் அத்தலைமுறைப் பிள்ளைகள் பலர் தந்தையை நிழற்படத்தில் மட்டுமே கண்டவர்கள். வரலாற்றுப் பாடத்தில் போரின் ஆண்டுகளை 1939 முதல் 1945 வரை என்று எழுதுகிறோம். இத்தகைய பிள்ளைகளிடத்தில் அது 1973-இலும் முடியவில்லை.

மனிதரைப் பித்தாக்கும் அழுத்தங்கள் எவை என்பதே நால்வரும் எடுத்துக்கொண்ட பொருள். காலம், பணம், போர், பயணம், சாவு என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர். பாட்டுகளை எழுதி, தட்டில் பதியுமுன்பே 1972 தொடக்கத்தில் மேடையேற்றினர். பிரைட்டன் நகரில் ஜனவரி 20-ஆம் நாள் நடந்த முதல் முயற்சி, கருவிகள் கோளாறு செய்ததால் பாதியில் நின்றது. அடுத்த திங்களில் இலண்டனில் முழுதும் வாசித்தனர். சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தால் அந்நாட்டில் மின்சாரம் அடிக்கடி தடைப்பட்ட குளிர்காலம் அது. பின்னர் 1972 மே இறுதியிலிருந்து 1973 தொடக்கம் வரை, இடையிடையே வெளியூர்ப் பயணம் செய்துகொண்டு, இலண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் பதிவு செய்தனர். அந்நிலையம் 1931-இல் இசைமேதை எல்கார் வாத்தியக் குழுவை நடத்தத் திறக்கப்பட்டது. குழலின் முன் நாய் அமர்ந்திருக்கும் படத்தை நம் வீட்டுப் பழந்தட்டுகளில் கண்டிருப்பீர்கள். அந்த நிறுவனம் அமைத்த நிலையமே இது.

இனி, கேட்ட கதை. ஊசி வைத்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கருவி பழுதோ என்று நான் மாணவரைப் பார்த்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார். மெல்ல மெல்ல ஓர் இதயத் துடிப்பு எழுந்தது. (பஞ்சு பொதிந்த கோலால் பெரிய முரசைத் தட்டி அதை உண்டாக்கினராம்.) அதன்மேல் கடிகார ஒலி, சிரிப்பு, ஓர் அலறல், உடனே கிதார் இசை அகன்று விரிந்தது. ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டு தொடங்கும் இடம் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்து வந்த பகுதியில் மின் இயந்திரம் ஒன்றிலிட்ட எட்டுச் சுரங்கள் விரைவாகச் சுழன்றன. ஓடும் காலடியும் விமான நிலைய அறிவிப்பும் வந்துபோயின. அதை நான் பொறுத்துக்கொண்டேன் என்றே சொல்லவேண்டும்.

திடீரென்று நூறு கடிகாரங்கள் ஒருங்கே அடித்தாற்போல் ஓசை வெடித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஆலன் பார்சன்ஸ் என்னும் இளம் ஒலிப்பதிவாளர் பழங்கடிகாரக் கடை ஒன்றில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியே பதிந்து, பிறகு எல்லாம் ஒரே நொடியில் அடிக்குமாறு இணைத்தாராம். அக்காலத்தில் இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் பதினாறு தடங்களைத் தனித்தனியே பதியும் வசதி வந்திருந்தது. 1967-இல் பீட்டில்ஸ் அதே கட்டடத்தில் பயன்படுத்திய பொறிக்கு நான்கு தடங்களே உண்டு. பதினாறு தடங்கள் என்பது, ஒரே தாளில் எழுதிக்கொண்டிருந்தவனுக்குப் பதினாறு தாள்களைக் கொடுத்து எந்த வரியையும் எந்த இடத்திலும் ஒட்டிக்கொள் என்றதற்கு ஒப்பாகும்.

கடிகாரங்களுக்குப்பின் வரும் பாட்டு காலத்தைப் பற்றியது. தொடக்கத்துக்குக் காத்திருந்த இளைஞன், தொடக்கம் எப்போதோ கடந்துவிட்டது என்று ஒருநாள் உணர்வதே அதன் பொருள். அதை எழுதியபோது வாட்டர்ஸுக்கு முப்பது வயது நிரம்பவில்லை. அறுபதைக் கடந்த நான் அப்பாட்டைக் கேட்டுச் சிறிது நேரம் தலை நிமிரவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

முதற்பக்கத்தின் இறுதியில் சொற்களே இல்லாத ஒரு பகுதி வருகிறது. ரைட் பியானோவில் அமைத்த இசை, பொருள் சாவு. அதன்மேல் ஒரு பெண்குரல் எழுந்து, கதறி, தணிந்து, பெருமூச்சாய் ஓய்கிறது. இத்தட்டில் மிக உயர்ந்த பகுதி எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன். பாடியவர் கிளேர் டோரி. அப்போது அவருக்கு 25 வயது. அழைத்த நிலையத்துக்குச் சென்று, கேட்டதைப் பாடிவிட்டுக் கூலி பெற்றுத் திரும்புவது அவர் தொழில். 1973 ஜனவரி 21-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பார்சன்ஸ் சொல்லி அவரை வரவழைத்தனர். மெட்டு எழுதித் தரவில்லை, சாகித்தியமும் இல்லை. சாவைப் பற்றியது, சொல் வேண்டாம் என்று மட்டும் கூறினர். தன் குரலையே ஒரு வாத்தியமாக எண்ணிக்கொண்டு அவர் பாடினார். சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. மிகையாகப் பாடிவிட்டோமோ என்று கூசி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, முப்பது பவுன் கூலியுடன் வீடு திரும்பினார். தம் குரல் தட்டில் இடம்பெற்ற செய்தியையே அவர் கடையில் அதைப் பார்த்தபோதுதான் அறிந்தார். பாடியவர் என்று உறையில் பெயர் இருந்தது. இசையமைத்தவர் என்ற இடத்தில் ரைட் பெயர் மட்டுமே இருந்தது.

பக்கம் முடிந்தது. ஊசி நடுவில் கரகரத்தது. மாணவர் எழுந்து தட்டைத் திருப்ப அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிட அமைதி தொகுதியின் ஓர் உறுப்பு என்றே எனக்குப் பட்டது. சாவில் முடிந்த பக்கத்தைக் கையால் எடுத்துத் திருப்பினால்தான் மறுபக்கத்தின் முதல் ஒலி வரும். அந்த ஒலி காசு குலுங்கும் ஒலி! 1982-இல் வந்த குறுந்தட்டில் பக்கம் என்பதே இல்லாமையால் இந்த இடைவெளி மறைந்தது. இந்நாளில் நீங்கள் கைப்பேசியில் தனிப்பாட்டாக எடுத்துக் கேட்கும்போது, காசின் ஒலி எதை மறுத்து எழுந்தது என்பதே தெரியாது போகும்.

அக்காசொலி செய்யப்பட்ட விதம் சுவையானது. மேசன் பழைய நாணயங்களில் துளையிட்டு நூலில் கோத்துக் குலுக்கினார். வாட்டர்ஸ் தம் மனைவி மண்பாண்டக் கலைக்கு வைத்திருந்த பெரிய கலத்தில் காசுகளை எறிந்தார். தாள் கிழியும் ஒலி, கடைக் கணக்குப் பொறியின் ஒலி ஆகியவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றும் பதிந்த நாடாவை அளவுகோலால் அளந்து ஒரே நீளத்துக்கு வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழல விட்டனர். வளையத்தில் ஏழு ஒலிகள்; பாட்டும் ஏழு எண்ணிக்கையிலேயே நடக்கிறது. மேனாட்டு வெகுசனப் பாட்டு நான்கு எண்ணிக்கையை விட்டு அகல்வது அரிது. மிசிரசாபு தாளத்தில் பழகிய நம் காதுக்கு அந்நடையில் வியப்பில்லை. என் விரல்கள் தாமாகவே முழங்காலில் தாளமிட்டன. கிதார் தனித்து வாசிக்கும் இடத்தில் அது நான்குக்கு மாறிப் பிறகு ஏழுக்குத் திரும்புகிறது. பணப்பேராசையை எள்ளி நகையாடிய அப்பாட்டே அக்குழுவினருக்கு அமெரிக்காவில் பெரும்பணத்தைக் கொண்டுவந்தது என்பதை அவர்களும் உணர்ந்திருப்பர்.

அடுத்த பாட்டு போரைப் பற்றியது. அன்டோனியோனி என்னும் இத்தாலியத் திரைப்பட இயக்குநர் தம் படத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய மெட்டு அது. ரைட்டின் அமைதியான அந்த மெட்டுக்கு, பின்னாலிருந்து ஆணையிடுவோரையும் முன்னால் நின்று மடிவோரையும் பற்றி வாட்டர்ஸ் சொற்கள் எழுதினார். கோபமான சொற்களைக் கோபமில்லாத இசையில் வைத்தமையால் அவை ஆழமாக இறங்குகின்றன. அன்ஸியோவை அறிந்து கேட்டால் இன்னும் ஆழமாக இறங்கும்.

சொல்லற்ற ஒரு பகுதிக்குப்பின் பித்தனைப் பற்றிய பாட்டு வருகிறது. பாரெட்டை நினைத்து எழுதியது அது. நம் மொழியில் 'மதி' என்னும் சொல் நிலவையும் குறிக்கும், அறிவையும் குறிக்கும். ஆங்கிலத்தில் பித்தனைச் சுட்டும் சொல் ஒன்று, நிலவுக்குரிய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே இத்தொகுதியின் நிலவு வானத்து நிலவன்று. எனினும் வானத்து நிலவும் அத்தலைமுறையின் கண்முன் நின்றது. நிலவின் மறுபுறத்தை மனிதகுலம் முதன்முதல் படமாகக் கண்டது 1959-இல், சோவியத் நாட்டு லூனா-3 அனுப்பிய படத்தில். மனிதர் மூவர் நேரிற் கண்டது 1968 டிசம்பரில், அப்போலோ-8 பயணத்தில். 1969-இல் நிலவில் மனிதர் இறங்கியபோது பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பில் இக்குழுவினரே இசை வாசித்தனர். மாணவர்கள் ஒன்றை மறத்தலாகாது. நமக்குத் தெரியாத அப்புறத்திலும் வெயில் அடிக்கிறது. பதினைந்து நாள் பகல், பதினைந்து நாள் இரவு என்னும் கணக்கு இருபுறத்துக்கும் ஒன்றே.

விந்தை என்னவெனில், தட்டின் முடிவில் இந்த உண்மையைச் சொல்பவர் ஒரு வாயில்காப்போர். வாட்டர்ஸ் சில வினாக்களை அட்டைகளில் எழுதினார்: சாவுக்கு அஞ்சுகிறீரா, கடைசியாக யாரை எப்போது அடித்தீர், அப்போது நியாயம் உம் பக்கம் இருந்ததா என்பன போன்றவை. நிலையத்தில் அகப்பட்ட ஊழியர், சாமான் தூக்குவோர், அண்டை அறையில் பதிவுக்கு வந்திருந்தோர் ஆகியோரை ஒருவர் ஒருவராக அமர்த்தி, எண்ணிப் பார்க்க நேரம் தராமல் விடை கேட்டுப் பதிந்தனர். பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவியும்கூட விடை கூறினர். உலகப் புகழ் பெற்ற அவர் அளந்து பேசினார். ஆதலின் அப்பதிவு விலக்கப்பட்டது. அயர்லாந்து நாட்டினரான வாயில்காப்போர் மனத்தில் பட்டதைப் பேசினார். அவர் குரல் தட்டில் ஏறியது. நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று இல்லை என்னும் கருத்தை அவர் சொல்ல, தொடக்கத்தில் கேட்ட இதயத் துடிப்பு மீண்டும் வந்து மெல்ல மறைகிறது. அரசர் ஆணைகளைப் படித்தே வரலாறு கற்பித்த எனக்கு, 1973-ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு வாயில்காப்போர் எப்படிப் பேசினார், எப்படிச் சிரித்தார் என்பதைக் கேட்டது புதிய அனுபவம். கல்வெட்டில் மன்னர் பெயருக்குக் கீழே கல்தச்சன் தன் பெயரைப் பொறித்திருக்கக் காணும் மகிழ்ச்சி அதில் இருந்தது.

விற்பனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1973 முதல் 1988 வரை 700 வாரங்களுக்கு மேல் இத்தொகுதி இடம்பெற்றிருந்தது. கறுப்புப் பின்புலத்தில் முப்பட்டைக் கண்ணாடி வழியாக ஒளிக்கதிர் நிறங்களாகப் பிரியும் அதன் உறைப்படத்தை, இசையைக் கேளாத இளைஞரும் இன்று சட்டையில் அணிகின்றனர். எதிர்ப்பும் எழாமல் இல்லை. இதைக் கண்டு மற்றக் குழுக்கள் நீண்ட நீண்ட தொகுதிகளை ஆரவாரமாகச் செய்யத் தொடங்கின. பல வெறும் நீளமே. 1976 அளவில் பங்க் என்னும் புதிய இளைஞர் இயக்கம் அவற்றை வெறுத்து, மூன்று நிமிடப் பாட்டுக்கே திரும்பிற்று. அரக்கு விதித்த அளவை வினைல் உடைத்தது. வினைல் தந்த உரிமையை இளைஞரே உதறினர். அவர்கள் சினம் நியாயமானதே. ஆனால் அச்சினம் இந்தத் தட்டுக்குப் பொருந்தாது என்பது என் துணிபு. இதில் மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடமே. வீணான நிமிடங்கள் சிலவே.

கிளேர் டோரியின் கதை மட்டும் எஞ்சியுள்ளது. ஆலாபனை பாடுகிறவர் அந்த இசைக்கு ஆசிரியர் ஆவாரா? நம் மரபில் இராகம் எல்லோருக்கும் பொது. ஆனால் அன்று அந்நேரத்தில் அவர் விரித்த வழி அவருடையதே என்பதை எந்த இரசிகரும் ஒப்புவர். இங்கிலாந்துச் சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்பது முப்பதாண்டுகளுக்கு மேல் கேட்கப்படாமலே இருந்தது. ஒலிப்பலகையும் பியானோவும் ரைட் தந்த அடித்தளம். அதன்மேல் எழுந்த மெட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை என் தொண்டையில் பிறந்தது என்பது டோரியின் வாதம். 2004-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது, தொகை வெளியிடப்படவில்லை. அவ்வாண்டுக்குப்பின் அச்சான உறைகளில் முதற்பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு இசையமைத்தவர் என்ற இடத்தில் ரைட், டோரி என இரண்டு பெயர்கள் உள்ளன.